கடல் கடந்து செல்லும் உதைபந்தாட்ட இரசிகர்கள்

ஐக்கிய அமெரிக்காவிலே உதைபந்தாட்டம் என்று வழங்குவது பெரும்பாலும் காலால் உதைத்து ஆடும் ஆட்டமன்று. நம் நேயர்கள் அறிந்த றக்பி ஆட்டத்திலிருந்து கிளைத்தது அது. தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்ட 11 பேர், பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும், எதிரணியினர் 11 பேரோடு மோதி முன்னேறுவர். 4 முயற்சிகளில் 10 யார் தூரம் முன்னேறாத அணி பந்தை இழந்துவிடும். கடிகாரக் கணக்கில் 60 நிமிட ஆட்டம். ஆயினும் முடிவதற்கு 3 மணி நேரத்துக்கு மேலாகும். இவ்வாட்டத்தைப் பெரிதாகப் போற்றும் பிறநாடுகள் மிகச் சிலவே. அயர்லாந்து அவற்றுள் ஒன்றன்று.

அவ்வாறிருந்தும், 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் தேதி டப்ளின் நகரில் நடைபெற்ற ஒரேயோர் ஆட்டத்தைக் காண ஏறக்குறைய 35,000 அமெரிக்கர் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்தனர் என அக்காலச் செய்திகள் கணக்கிட்டன. அரங்கிற் கூடியிருந்தோரின் மொத்தத் தொகையோ 49,000க்கும் குறைவு. ஆடியவர்கள் சம்பளம் பெறும் வீரருமல்லர். இரு கல்லூரிகளின் மாணவர்கள்.

அவற்றுள் ஒன்று இந்தியானா மாநிலத்து நோட்டர் டேம் பல்கலைக்கழகம். 1842இல் அதனை நிறுவியவர் பிரெஞ்சுக் குரு ஒருவர். எனினும் அதன் அணிக்குப் பெயர் 'போரிடும் ஐரிஷார்' என்பதாகும். இப்பெயர் பிறந்த வகை பற்றிப் பல கதைகள் உள. பல்கலைக்கழகம் அதனை 1927இல் முறைப்படி ஏற்றுக்கொண்டது. அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கரின் மக்களும் பேரரும், அக்கல்லூரியில் ஒருநாளேனும் படித்திராதவர்கள் கூட, இவ்வணியைத் தம் குலத்தின் அணியாகவே கொண்டாடினர்.

மற்றையது அனாப்பொலிஸ் நகரிலுள்ள கடற்படைக் கல்லூரி. இரண்டாம் உலகப் போரிலே மாணவர்கள் போர்முனைக்குச் சென்றுவிட, நோட்டர் டேமின் நிதிநிலை நலிந்தது. அவ்வேளையிற் கடற்படை தன் அதிகாரிகளைப் பயிற்றும் நிலையமாக அதனைத் தெரிந்தெடுத்துக் காப்பாற்றியது. அந்நன்றியை மறவாத நோட்டர் டேம், கடற்படை விரும்பும்வரை ஆண்டுதோறும் அதனோடு ஆடுவதென்று உறுதி பூண்டது. 1964 முதல் 2006 வரை தொடர்ந்து 43 ஆண்டுகள் கடற்படையே தோற்றது. இருந்தும் அவ்வாண்டுகளில் ஆட்டம் நின்றதில்லை. ஆட்டத்தை நடத்தும் முறை கடற்படைக்கு வரும்போதெல்லாம், அனாப்பொலிஸ் அரங்கு சிறியதாகையால், அது வேறொரு பெருநகரிலேயே நடைபெறுவதுண்டு. 1996, 2012 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு தெரியப்பட்ட நகரே டப்ளின். 2023இலும் இவ்விரு அணிகளும் அங்கு ஆடின. 2020இலும் அங்கு ஆடவே திட்டமிருந்தது. பெருந்தொற்று அதனைக் கெடுத்தது.

தம் நாட்டிலே இவ்விரசிகர்கள் விடியற்காலையே அரங்கின் வாகனத் தரிப்பிடத்தை அடைந்து, மோட்டார் வண்டியின் பின்கதவைத் திறந்து, அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டு உண்பர். டப்ளினில் அதற்கு வழியில்லை. நகரத்து மதுச்சாலைகளே அவர்களுக்குத் தரிப்பிடமாயின! 2012இல் ஆட்டம் 50க்கு 10 என முடிந்தது. வெற்றி ஐயத்துக்கிடமாக இருந்த நேரம் மிகக் குறைவே. இத்தகைய ஆட்டத்துக்காக மட்டும் ஒருவர் பெரும்பொருள் செலவிட்டுக் கடல் கடப்பாரா?

வந்தவர்களிற் பலர் மறுநாள் மேற்குப் புறமாகப் பயணமாயினர். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதால் மூண்ட பஞ்சத்திலே ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். மேயோ, கோல்வே, கிளேர் முதலிய மேற்கு மாவட்டங்கள் பெரிதும் வெறுமையுற்றன. அவர்களின் வழித்தோன்றல்கள் பந்தாட்டத்தை ஒரு காரணமாகக் கொண்டு மூதாதையரின் ஊரைத் தேடுகின்றனர் என்பதே பொருந்தும். தேடுவது எளிதன்று. 1922இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளினிலிருந்த பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரையுள்ள குடிசன மதிப்பு ஏடுகள் பெரும்பாலும் அதில் அழிந்தன. எஞ்சியவை கோயிற்பற்றுக்களின் ஞானஸ்நான ஏடுகள். 2015 முதல் அவற்றின் பிரதிகளை எவரும் இணையத்திலே இலவசமாகப் பார்க்கலாம். பற்பல பக்கங்கள் குருமாரின் கையெழுத்தில், இலத்தீன் மொழியிலே உள்ளன. பற்றிக் அங்கே பத்ரிசியுஸ் ஆகிறார். ஒரே பங்கில் ஒரே பெயருடைய பலர் இருப்பர். அவர்களுள் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர் எவரென்பதை அவ்வேடு சொல்வதில்லை.