கொலஸ்ட்ராலைக் குறைக்குமா 'நல்ல' பாக்டீரியா? லேபிளைப் படிக்கச் சொல்கிறது சட்டம்

புது தில்லி: பெங்களூரு தொம்மலூர் போன்ற நகர்ப்பகுதிகளின் மருந்துக் கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் தயிர், புளித்த பால் பானம், கேப்ஸ்யூல் ஆகியவை 'புரோபயாடிக்' என்ற பெயருடன் விற்பனையாகின்றன. இவற்றை உட்கொண்டால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறையும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை உண்டு. ஆனால், அப்பெயர் தாங்கிய எல்லாப் பொருளுக்கும் அது பொருந்தாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு தழுவி நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. வயது வந்தோரில் 24 சதவீதம் பேருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் என்று அது தெரிவித்தது. எனவே, இது ஏறத்தாழ நான்கில் ஒருவரைத் தொடும் பிரச்னை.

கல்லீரல், கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த உப்புகளைத் தயாரிக்கிறது. சில பாக்டீரியாக்கள் சுரக்கும் நொதி, குடலில் அந்த உப்புகளைச் சிதைக்கிறது. சிதைந்தவற்றில் ஒரு பகுதி கழிவுடன் வெளியேறுவதால், அதை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது.

'லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்சிஐஎம்பி 30242' என்ற ரகத்தைக் கேப்ஸ்யூலாக 127 பேரிடம் 9 வாரங்கள் சோதித்த ஆய்வு 2012-ல் வெளியானது. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல், வெற்று மாத்திரை பெற்றோருடன் ஒப்பிடுகையில் 11.6 சதவீதம் குறைந்திருந்தது. பலன் அந்த ரகத்துக்கும் அந்த அளவுக்குமே உரியது. ஸ்டாட்டின் மருந்துகளோ வழக்கமான அளவுகளில் 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கின்றன. இவ்வகையைச் சேர்ந்த அடோர்வாஸ்டாட்டின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்று, விலைக் கட்டுப்பாட்டுக்கும் உள்பட்டது. புளித்த பானத்தை நம்பி மருந்தை நிறுத்துவது மாரடைப்பு ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் புரோபயாடிக் உணவுக்கான வழிகாட்டுநெறிகளை 2011-ல் வெளியிட்டன. இனத்துடன் ரகத்தின் பெயரும், காலாவதி நாள் வரை உயிருடன் இருக்கும் பாக்டீரியா எண்ணிக்கையும் லேபிளில் இடம்பெற வேண்டும் என்றன. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2016-ம் ஆண்டு விதிமுறைகள், ஒரு நாளைக்கான அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா என வரையறுத்தன. குறைவான எண்ணிக்கைக்கு ஆய்வுச் சான்று தேவை.

தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, நாடாளுமன்றம் 2006-ல் இயற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவு வகை செய்கிறது. ஆனால், அதைக் கடைத்தெருவில் அமல்படுத்தும் பொறுப்பு பெரும்பாலும் மாநில அதிகாரிகளைச் சார்ந்தது. வீட்டுத் தயிர் நல்ல உணவே. எனினும், ரகமும் எண்ணிக்கையும் தெரியாத அதை இந்த வரையறைக்குள் சேர்க்க இயலாது.

தொம்மலூரை அடுத்து சில கிலோமீட்டர் தொலைவில், ஆடுகோடியில் தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் உள்ளது. 1923-ல் அந்நிறுவனம் தோன்றிய ஊரே பெங்களூருதான். இத்தகைய பொது நிறுவனங்கள் மருத்துவமனைகளுடன் இணைந்து, இந்திய உணவுப் பழக்கம் உள்ள நோயாளிகளிடம் பெரிய அளவில் ஆய்வு நடத்தினால், எந்த ரகம் எவ்வளவு பயன்தரும் என்பது தெளிவாகும். அதுவரை, ரகத்தின் பெயரைச் சொல்லாத லேபிளை நுகர்வோர் நம்ப வேண்டியதில்லை. அதிகாரிகளும் அதைக் கண்டும் காணாமல் விடலாகாது.