கடல் இடக்கைப் பக்கம்

யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை, கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு இலங்கையின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்குகிறது. ஆடித் திருவிழாவுக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை மாதம். பஸ் போகிற ஊருக்கு இந்தப் பாடு எதற்கு என்பார்கள். பஸ்ஸுக்கு ஒரே ஊர்தான். நடப்பவருக்கோ வற்றாப்பளை, வெருகல், மண்டூர், திருக்கோவில் எல்லாமே சேருமிடம். வயலும் களப்பும் தாண்டி வருகிறவருக்கு அந்தந்த ஊர்க் கோயில் மண்டபமே படுக்கை, ஊராரின் அன்னதானமே சாப்பாடு. நடை நின்றால் இந்த ஊர்களைக் கோத்திருக்கும் சரடும் அறும்.

உகந்தை முருகன் கோயிலோடு ஊர் முடிந்து, குமண, யால காடுகள் தொடங்குகின்றன. அரிசி பருப்பு தலைச்சுமையாக வரும். கும்புக்கன் ஆற்றங்கரை மருத மர நிழலில் மூன்று கல் கூட்டி உலை வைப்பார்கள். இத்தனை கூட்டம் சரணாலயத்துக்கு ஆகாது என்ற கவலை நியாயமானதே, பிளாஸ்டிக் பைகளைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். அதற்காகத்தான் காட்டுவழி திருவிழாக் காலத்தில் சில நாட்களுக்கு மட்டும் திறக்கப்படுகிறது. ஆனால் யால தேசியப் பூங்கா ஆனது 1938இல். அடியார்களின் ஒற்றையடிப் பாதை அதற்கும் மூத்தது. குப்பையைத் தடுக்கலாம், நடையை அல்ல.