பாதிரியார் காட்டிய வழி

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியைக் கடந்து, சூளகிரி வழியாக ஓசூரை நோக்கி ஓடுகிறது. அந்தச் சாலையின் இரு முனைகளிலும் இரண்டு கணித மேதைகள் தங்கள் முதுமையைக் கழித்தார்கள். சென்னையில் சி. எஸ். சேஷாத்ரி, பெங்களூரில் எம். எஸ். நரசிம்மன். 2020ல் ஒருவரும், 2021ல் மற்றவரும் மறைந்தனர். இருவரும் ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்கள்.

அந்த ஆசிரியர் தமிழரல்லர். பிரெஞ்சு தேசத்துப் பாதிரியார். பெயர் சார்ல்ஸ் ரசீன். 1897ல் பிறந்தவர். பாரிசில் ஏலி கார்த்தான் என்ற பேரறிஞரிடம் ஆராய்ச்சி செய்து, 1934ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1937ல் இந்தியா வந்தார். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் சில காலம் பணியாற்றிய பின், 1939ல் சென்னை லயோலா கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அது ஆண்கள் கல்லூரி.

அன்றைய சென்னையில் கணிதம் என்றால் கேம்பிரிட்ஜ் பாணிதான். கடினமான கணக்குகளை விரைவாகப் போடுபவனே கெட்டிக்காரன்! ரசீனோ, பிரான்சில் அப்போது தழைத்துக்கொண்டிருந்த புதிய கணிதத்தை மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார்.

ஆனர்ஸ் தேறிய பிள்ளை சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்பதே பல பெற்றோரின் கனவாக இருந்த காலம் அது. ரசீனோ திறமைசாலிகளைப் பம்பாய்க்குப் போகச் சொன்னார். அங்கே 1945ல் தொடங்கிய டாட்டா ஆராய்ச்சி நிலையம் இருந்தது. சம்பளத்தை நம்பிப் போகும் வழியல்ல அது. அறிவை நம்பிப் போகும் வழி.

காஞ்சிபுரத்தில் பிறந்த சேஷாத்ரியும், வட ஆர்க்காட்டுத் தண்டரை கிராமத்து நரசிம்மனும் 1953ல் அங்கே சேர்ந்தார்கள். சென்னை சி. பி. ராமானுஜம் 1957ல் சென்றார். மூவரும் லயோலா மாணவர்களே.

1965ல் நரசிம்மனும் சேஷாத்ரியும் ஒரு தேற்றத்தை வெளியிட்டனர். கணிதத்தில் தனித்தனியே நின்ற இரண்டு துறைகளுக்கு நடுவே அது பாலம் கட்டியது. பின்னாளில் பௌதிக அறிஞர்களும் அந்தப் பாலத்தின் மேல் நடந்தார்கள்.

ரசீன் 1967ல் ஓய்வு பெற்றார், 1976ல் காலமானார். அந்தத் தேற்றத்துக்கு மாணவர் இருவரின் பெயர்தான் வழங்குகிறது. ஆசிரியரின் பெயர் அதில் இல்லை. ஆனால் மாணவர்கள் அவரை மறக்கவில்லை. தங்கள் இளமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் பாதிரியாரின் பெயரைச் சொன்னார்கள். ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன குருதட்சிணை வேண்டும்?