கொச்சிக் காயலோரம் மலையாள ராப்

2024இல் வந்த ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்றதும் நமக்குக் ‘கண்மணி அன்போடு’ நினைவுக்கு வரும். அதே படத்தில் சுஷின் ஷியாம் இசையில் வேடன் எழுதிப் பாடிய ‘குதந்த்ரம்’ என்ற ராப் பாட்டும் உண்டு. மஞ்சும்மல், கொச்சியின் புறநகர். திருச்சூர்க்காரரான வேடனின் தாய் இலங்கைத் தமிழர்.

ஹிப்ஹாப் 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது. இன்றைய மலையாள ராப்பில் பெரிதும் ஒலிப்பது, அட்லாண்டாவில் 1990களில் உருவான ‘டிராப்’ என்னும் அதன் கிளை. ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808 தாளக்கருவியின், நெஞ்சுக்குள் அதிரும் பேஸ்தான் அதற்கு அடித்தளம். மேலே ஹை-ஹாட் ஒலி மும்மூன்றாகப் பிரிந்து சடசடவென ஓடும். கீழே தாளம் பாதி வேகத்தில் நடக்கும். இந்த இரு வேகங்களுக்கும் நடுவே கிடைக்கும் இடத்தில் பாடகர் சொற்களை அடுக்குகிறார்.

சொல்லடுக்கு கேரளத்துக்குப் புதிதல்ல. கோழிக்கோடு காஜி முஹம்மது 1607இல் இயற்றிய ‘முஹ்யித்தீன் மாலை’ தொடங்கி வளர்ந்த மாப்பிளப் பாட்டுக்குக் கறாரான ஓசை விதிகள் உண்டு. அடிதோறும் முதலெழுத்து ஒன்றிவருவது கம்பி, இரண்டாம் எழுத்து ஒன்றுவது கழுத்து, ஈறு ஒன்றுவது வால்கம்பி. ஓர் அடியின் கடைசிச் சொல் அடுத்த அடியைத் தொடங்குவது வாலும்மேல்கம்பி. நம் மோனை, எதுகை, இயைபு, அந்தாதியேதான்! 1872இல் ‘பதறுல் முனீர் ஹுஸ்னுல் ஜமால்’ எழுதிய மோயின்குட்டி வைத்தியர் இதில் பெரும் வல்லுநர்.

மலையாள ராப்பின் பலமே ஓசையறியும் இந்தக் காதுதான் என்பது என் கருத்து. 2009இல் தொடங்கிய ஸ்ட்ரீட் அகாடமிக்ஸ் குழுவும், கொச்சிக்காரர் ஃபெஜோவும் ஆங்கிலப் பாணியைத் தாண்டி, பேச்சு மலையாளத்தின் இரட்டித்த வல்லினங்களையே தாளமாக்கினார்கள். ‘தல்லுமாலை’ (2022) படத்தின் ‘மணவாளன் தக்’ பாட்டில் டாப்ஸீயும் எஸ்ஏவும் மலப்புரம் வழக்கை எவ்விதச் சமரசமும் இல்லாமல் பாடியபோது, அது கேரளம் முழுவதும் ஒலித்தது. இரண்டே ஆண்டில் ‘ஆவேசம்’ படத்தின் ‘இலுமினாட்டி’ நம் கல்லூரி விழாக்களுக்கும் வந்துவிட்டது.

உள்ளூர்க் குரலில் பாடுவதில் கொச்சிக்கும் ஒரு முன்னோடி உண்டு. மட்டாஞ்சேரியின் மெஹபூப் (1926–1981) திரைப்படங்களில் பாடியவர். ஆனால் ஊரார் அவரை நெஞ்சில் வைத்திருப்பது கல்யாண வீடுகளில் பாடிய பாட்டுகளுக்காக. கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்னி உருது, தமிழ் எல்லாம் கலந்து புழங்கும் தெருக்களின் குரல் அது.

வேடனின் ‘வாய்ஸ் ஆஃப் தி வாய்ஸ்லெஸ்’ (2020) சாதியையும் நிலத்தையும் பற்றியது. கொச்சியிலும் அப்படியொரு நிலக் கதை உண்டு. மட்டாஞ்சேரியிலிருந்து காயலுக்கு அப்பால் வல்லார்பாடம் கண்டெய்னர் முனையம் 2011இல் திறக்கப்பட்டது. அதற்கான சாலைக்கும் ரயில் பாதைக்கும் நிலம் எடுத்தபோது, 2008இல் மூலம்பிள்ளி உள்ளிட்ட ஊர்களில் 316 குடும்பங்கள் வீடிழந்தன. மாற்றாகத் தரப்பட்ட சதுப்பு நிலத்தில் வீடு கட்ட முடியாமல் பலர் ஆண்டுக்கணக்கில் வாடகை வீடுகளில் காலம் தள்ளினார்கள். கொச்சியின் இளம் ராப்பர்கள் கையிலெடுக்க வேண்டிய கதை இது.