மூச்சின் கதை – 9: 8 கட்டில், 24 பேர்

சென்ற வாரம், 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வைப் பார்த்தோம். குடும்பமே ஓர் அறையில் படுத்துறங்கும் வீடுகளில் வைத்து மருந்து கொடுத்தும், சானடோரியத்தில் சேர்ந்தவர்களுக்கு நிகராக நோயாளிகள் குணமானார்கள். அதனால் வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றிவிடவும் இல்லை. அப்படியானால் சிறையில் மட்டும் காசநோய் ஏன் இப்படிப் பெருகுகிறது? அங்கேயும் இட நெருக்கடிதானே?

ருஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள மகதானின் விசாரணைச் சிறைக்குப் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும். கையாடல் வழக்கில் 1995-இல் கைதான கலாஷ்னிகோவ் என்ற வங்கித் தலைவர், நான்கு ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் படியேறியதால்தான் அந்தக் கொட்டடியின் அளவே வெளியே தெரிந்தது. 17 சதுர மீட்டர் என்றார் அவர். இல்லை, 20.8 என்றது அரசு. உள்ளே எட்டுக் கட்டில். பெரும்பாலும் 24 பேர் என்பது அவர் கணக்கு. முறைவைத்துத் தூங்கினார்கள். விளக்கை அணைப்பதே இல்லை. காற்றோட்டமில்லாத அந்த அறைக்குள்ளேயே புகைபிடித்தார்கள். ஆளுக்கு 0.9 முதல் 1.9 சதுர மீட்டர்வரைதான் இடம் என்று 2002-இல் வந்த தீர்ப்பு சொல்கிறது. நம் வீட்டில் ஒருவர் படுக்கும் பாயை விரிக்கவே ஒன்றரைச் சதுர மீட்டர் வேண்டும். காசநோயாளிகளையும் அவ்வப்போது அதே அறையில் அடைத்திருந்ததை நீதிபதிகள் மிகுந்த கவலையோடு குறித்திருக்கிறார்கள்.

சென்னை வீட்டில் நோயாளி யார் என்று தெரியும். மருந்து உள்ளே போனதும் இருமலில் வெளியேறும் கிருமி மளமளவென்று குறையும். கொட்டடியில் யாருக்கு நோய் என்பதே தெரியாது. ஒருவரை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவார்கள், இன்னொருவரை வேறு ஊர்ச் சிறையிலிருந்து கொண்டுவந்து தள்ளுவார்கள். எல்லோரும் மாறிக்கொண்டே இருக்க, காற்று மட்டும் மாறாது. ருஷ்ய விசாரணைச் சிறைகளின் சன்னல்களில் சாய்வான இரும்புப் பட்டைகளை அடித்திருந்தார்கள். கைதிகள் அவற்றை ‘ரெஸ்னிச்கி’ என்றார்கள். இமைமயிர் என்று பொருள். வெயிலையும் காற்றையும் அவை தடுத்தன. காசநோய்க் கிருமி அஞ்சுவதும் அவை இரண்டுக்கும்தான்.

உள்ளே வரும் உடம்பும் பெரும்பாலும் முன்பே நொந்த உடம்பு. வறுமை, குடி, புகை, ஊசிவழிப் போதை, எச்.ஐ.வி. எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். நெஞ்சுக்குள் உறங்கிக் கிடக்கும் கிருமி, சிறைச் சோற்றில் இளைத்த உடம்பில் விழித்துக்கொள்ளும். 1990களின் பிற்பகுதியில் ருஷ்யச் சிறைகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் காசநோய். சிறையில் இருந்தவர்களில் பலர் அப்போது குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

நோயாளிகளைப் பிரித்து வைத்தால் தீராதா? அஜர்பைஜானில் 1995-இல் செஞ்சிலுவைச் சங்கத்தார் பாகு நகருக்கு அருகே கைதிகளுக்குச் சிகிச்சை தொடங்கியபோது, எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். நோயில்லாதவர்கள் நோயாளியின் சளியை விலைக்கு வாங்கித் தம்முடையதாகக் கொடுத்தார்கள். நோயாளிப் பிரிவில் சாப்பாடு கொஞ்சம் மேல், வேலை குறைவு என்பதுதான் காரணம். இன்னொரு பக்கம், உண்மையான நோயாளிகளில் சிலர் இருமலை மறைத்தார்கள். சிலர் மாத்திரையை விழுங்காமல் ஒதுக்கிப் பண்டமாற்றுக்கு வைத்துக்கொண்டார்கள். பிறர் சளியைக் கொடுத்து ஏமாற்றாதபடி, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, கண்ணெதிரே சளி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு வாய் நல்ல சோற்றுக்காகக் காசநோயை விலைகொடுத்து வாங்கும் நிலையில் மனிதனை வைத்திருந்தோம் என்றால், அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு மசியாமல் போகும் என்பதை இத்தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். சோவியத் உடைந்தபின் மருந்து வரத்து அறுந்து அறுந்து வந்தது. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரு முக்கிய மருந்துகளுக்குமே மசியாத காசநோய் அந்தச் சிறைகளில் வேரூன்றியது. மதிலுக்குள் அது நின்றுவிடவில்லை. பொதுமன்னிப்பில் விடுதலையானவர்கள் பாதிச் சிகிச்சையோடு வீடு திரும்பினார்கள். வேலை கிடையாது, சிலருக்கு வீடும் கிடையாது. மருந்து நின்றது. காவலர்களும் இதே காற்றைத்தான் சுவாசித்து அன்றாடம் பிள்ளைகளிடம் போனார்கள்.

சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் சிறைக்கும் ஊருக்கும் ஒரே சிகிச்சைத் திட்டமாக வைத்ததுதான் இதில் எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. உள்ளே தொடங்கிய மருந்தை வெளியிலும் தொடர்ந்தார்கள். அப்படியும் சிலர் வராமல் நின்றார்கள். குடிப்பழக்கத்தாலோ தங்க இடமில்லாமலோ மருந்தைத் தவறவிட்ட அவர்களுக்காக 2006-இல் ‘ஸ்புட்னிக்’ என்றொரு திட்டம் வந்தது. அந்தச் சொல்லுக்கு வழித்துணை என்று பொருள். நோயாளி வரட்டும் என்று காத்திராமல், அவர் எங்கே இருக்கிறாரோ அங்கேயே செவிலியர்கள் தேடிப் போனார்கள். கதவைத் தட்டி, மாத்திரையைக் கையில் கொடுத்து, அவர் விழுங்கும்வரை கூடவே இருந்தார்கள்.

(தொடரும்)