அன்னதானம், அண்ணா கேண்டீன், ரேஷன் அரிசி: பசிக்கு யார் பொறுப்பு? திருப்பதி, சித்தூர் சொல்வது என்ன?

திருப்பதி: திருமலைக்கு வரும் பக்தர்களுக்குத் தேவஸ்தானத்தின் அன்னப்பிரசாத மண்டபத்தில் இலவசமாக உணவு கிடைக்கிறது. மலையடிவாரத்தில், திருப்பதி நகரின் அண்ணா கேண்டீனில் 5 ரூபாய்க்குச் சாப்பாடு தரப்படுகிறது. அதே ஊரின் ரேஷன் கடையில் தகுதியுள்ள அட்டைதாரர்கள் விலையில்லா அரிசி பெறுகின்றனர். மூன்றும் ஒரே பசியைத்தான் தீர்க்கின்றன. ஆனால், நிறுத்தப்பட்டால் சட்டப்படி கேள்வி கேட்கும் உரிமை இவற்றில் ஒன்றுக்கு மட்டுமே உண்டு.

சந்தைப் பொருளாதாரத்தில் உணவும் உறைவிடமும் கையில் உள்ள கூலியைப் பொறுத்தவை. திருப்பதி மாவட்டம் ஸ்ரீசிட்டியில் இசுசு, டெய்கின் போன்ற பன்னாட்டு நிறுவனங்களின் ஆலைகள் இயங்குகின்றன. அங்கு வேலை பெற்றவர் தமது தேவைகளைச் சந்தையிலேயே வாங்கிக்கொள்வார். உழைக்க இயலாத முதியவரும், வேலையற்ற நாளில் கட்டடத் தொழிலாளியும் என்ன செய்வது என்பதே கேள்வி.

தானத்தின் பலமும் வரம்பும்: திருமலையில் நித்ய அன்னதானத் திட்டம் 1985-ல், என்.டி.ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்டது. நன்கொடையில் நடக்கும் இத்திட்டத்தில், ஒரு நாள் முழுவதற்குமான அன்னப்பிரசாதச் செலவை ஏற்க விரும்புவோர் 44 லட்சம் ரூபாய் அளிக்கலாம். மனமுவந்து தருவோர் இருக்கும்வரை பந்தி நடக்கும். ஆனால், அது யாத்ரீகருக்கான பந்தி. ஊரின் வறுமைக்கான ஏற்பாடு அன்று.

ஈகையையே அரசின் கொள்கையாக்கும் முயற்சியும் ஆந்திராவில் நடக்கிறது. வசதி படைத்த 10 சதவீதத்தினர், அடித்தட்டில் உள்ள 20 சதவீதக் குடும்பங்களைக் கைதூக்கிவிட வேண்டும் என்ற 'பி4' திட்டத்தை முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு 2025 யுகாதி நாளில் தொடங்கினார். சித்தூர் மாவட்டத்தில் உள்ள தமது குப்பம் தொகுதியில் 250 குடும்பங்களைத் தத்தெடுப்பதாகவும் அறிவித்தார். நோக்கம் நல்லதே. எனினும், தத்தெடுக்க ஆள் கிடைக்காத குடும்பம் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டும்?

ஆட்சியோடு மாறும் சலுகை: அண்ணா கேண்டீன்கள் 2018 ஜூலையில் திறக்கப்பட்டன. 2019-ல் ஆட்சி மாறியதும் மூடப்பட்டன. மீண்டும் ஆட்சி மாறிய பின், 2024 ஆகஸ்ட் 15 முதல் படிப்படியாகத் திறக்கப்பட்டன. இடைப்பட்ட 5 ஆண்டுகளில் கூலித் தொழிலாளரின் பசி விடுமுறை எடுத்துக்கொள்ளவில்லை.

முதியோர் ஓய்வூதியமும் அரசியலோடு பிணைந்ததே. ஆந்திராவில் 2014-ல் 200 ரூபாயிலிருந்து 1,000 ஆகவும், 2019-ல் 2,000 ஆகவும் உயர்ந்த தொகை, 2024 ஜனவரியில் 3,000, ஜூலையில் 4,000 என்றானது. இங்கே போட்டி அரசியல் முதியோருக்கு நன்மையே செய்தது. ஆனால், 60 முதல் 79 வயது வரையிலானோருக்கு மத்திய அரசின் பங்கு பல ஆண்டுகளாக மாதம் 200 ரூபாயாகவே நிற்கிறது.

சட்டம் தரும் உறுதி: அரிசியின் வரலாறு வேறு. 1967-ல் தமிழகத்தில் அண்ணாவின் படியரிசித் திட்டம், 1983-ல் என்.டி.ராமராவின் கிலோ 2 ரூபாய் அரிசி ஆகியவை தேர்தல் வாக்குறுதிகளாகவே பிறந்தன. 2001-ல், கிடங்குகளில் தானியம் குவிந்திருக்க மக்கள் பட்டினி கிடப்பது ஏன் என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முன்னுரிமைக் குடும்பங்களில் நபருக்கு மாதம் 5 கிலோ, அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ தானியம் என்பது உரிமையானது. தானியம் வழங்கப்படாவிட்டால், மாநில அரசு உணவுப் பாதுகாப்புப் படியைப் பணமாகத் தர வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 8-வது பிரிவு.

இதன் பலன் ஆந்திராவிலேயே தெரிந்தது. 2021-ல் ஜெகன் மோகன் அரசு ரேஷன் பொருட்களை வாகனங்களில் வீடு தேடி அனுப்பியது. 2025 ஜூனில் நாயுடு அரசு அந்த முறையைக் கைவிட்டு, விநியோகத்தை மீண்டும் கடைகளுக்கே கொண்டுவந்தது. வழங்கும் முறை மாறியதே தவிர, சட்டம் வகுத்த அளவில் எவரும் கை வைக்கவில்லை.

இலவசம் உழைப்பைக் குறைக்கும் என்பது தொழில்துறையினர் சிலரின் வாதம். மாதம் 5 கிலோ என்றால் நாளொன்றுக்குச் சுமார் 165 கிராம். அதை நம்பி எவரும் வேலையை விட முடியாது.

சட்டத்துக்கும் ஓட்டை உண்டு. பயனாளிகளின் எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்தே வரையறுக்கப்பட்டுள்ளது. அதன்பின் மக்கள்தொகை பெருகியும் உச்சவரம்பு உயரவில்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027-ல் முடிந்த பிறகே அது மாற வாய்ப்புள்ளது.