‘பிள்ளை’ உதிர்ந்த பெயர்... புனிதர் தேவசகாயத்தின் கதை!

2022 மே 15. வாடிகனின் புனித பேதுரு சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் 10 பேரைப் புனிதர்களாக அறிவித்தார். அதில் ஒருவர் நம் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், தேவசகாயம். இந்தியாவின் பொதுநிலையினரில், அதாவது பாதிரியாரோ துறவியோ அல்லாத குடும்பஸ்தர்களில் முதல் புனிதர்!

2012-ல் நாகர்கோவில் கோட்டாறில் அவருக்கு அருளாளர் பட்டம் தந்தபோது சொல்லப்பட்ட பெயர், ‘தேவசகாயம் பிள்ளை’. பத்தே வருடத்தில் வால் உதிர்ந்துவிட்டது. அவர் இருந்திருந்தால், முதலில் சந்தோஷப்பட்டிருப்பது இதற்காகத்தான் இருக்கும்.

1712-ல் நட்டாலத்தில் பிறந்தபோது அவர் நீலகண்டன். வசதியான குடும்பம், மார்த்தாண்ட வர்மா ஆட்சியில் அரண்மனை உத்தியோகம். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படைக்காரர் டிலனாய் அவருக்கு நண்பரானார். வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து நீலகண்டன் மனம் உடைந்திருந்த நேரம். எல்லாம் பறிபோன பிறகும் கடவுளை விடாத யோபுவின் கதையை டிலனாய்தான் அவருக்குச் சொன்னார்.

1745 மே 14, வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். அப்போது வயது 33. ‘லாசர்’ என்ற விவிலியப் பெயருக்கு, கடவுள் துணை என்று பொருள். அதையே தமிழாக்கினால் தேவசகாயம். மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனார்.

பெயரோடு நின்றிருந்தால் பெரிய சிக்கல் வந்திருக்காது. ‘கடவுளின் பிள்ளை என்றால் எல்லோரும்தானே பிள்ளை’ என்பதுபோல, ஒதுக்கிவைக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழக ஆரம்பித்தார். சாதி பார்க்காதே என்று பேசவும் செய்தார். மேல்தட்டில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1749-ல் கைது.

சுமத்தப்பட்டது ராஜதுரோகம். (தண்டனைக்கு உண்மையான காரணம் மதமா, அரசியலா என்ற விவாதம் இன்றும் உண்டு. நம்பிக்கைக்காக உயிர்விட்டவர் என்பது திருச்சபையின் முடிவு.)

கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மீது பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நேற்றுவரை கும்பிட்டு வழிவிட்டவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கொடுத்த தண்டனை அது. சவுக்கடி, காயத்தில் மிளகுத்தூள், வெயில். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தபோது, ஜனங்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள் என்கிறது அந்த வட்டாரம். பழைய மதத்துக்குத் திரும்பினால் உத்தியோகமும் மரியாதையும் திரும்பக் கிடைத்திருக்கும். மூன்று வருடமும் அவர் கேட்கவில்லை.

1752 ஜனவரி 14. ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தில் பின்னாளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1872-ல் அங்கே எழுந்த தேவாலயம், ஒரு பீடத்தில் இருந்து இரண்டு கால்களாகப் பிரிகிற மாதிரி கட்டப்பட்டது. ஒரு சாதி இந்தப் பக்கம், இன்னொரு சாதி அந்தப் பக்கம், நடுவே சுவர்! ‘கால்சட்டைக் கோயில்’ என்றே பெயர் வந்துவிட்டது. அந்தச் சுவர் இடிக்கப்பட்டது 1910-ல். தேவசகாயத்தின் பெயரில் இருந்து ‘பிள்ளை’ போக, அதற்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது.